நாற்பதாயிரம் புள்ளிக்காரரும் ஒரு புள்ளிக்காரரும்

போன வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

மூத்த தோழர் ஒருவர் கணினியில் தட்டி வைத்துவிட்டுப் போன கவிதைகளும் துண்டறிக்கைகளும் என்னிடம் வந்து சேர்ந்தன. இருபத்தெட்டுக் கோப்புகள், எல்லாமே பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றினால்தான் இன்றைக்கு யாரும் படிக்க முடியும். எனக்கு வங்கியில் குமாஸ்தா வேலை. கணினி பிழைப்புக்கு வேண்டிய அளவுக்குத்தான் தெரியும். மென்பொருளில் சந்தேகம் கேட்டால் முகம் தெரியாதவர்கள் காசு வாங்காமல் பதில் சொல்லும் இடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டேன்.

இரண்டு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் நாற்பதாயிரம் புள்ளி, தங்கம் வெள்ளி என்று பதக்க வரிசை. ஒரே ஒரு கட்டளை எழுதியிருந்தார், 'இதை ஓட்டு, முடிந்தது' என்று. இன்னொருவருக்கு ஒரு புள்ளி. அன்றைக்குத்தான் சேர்ந்திருப்பார் போல. அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். முதலில் கோப்புகளை நகல் எடுத்து வை என்றார். பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வரவேண்டும், அதனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் எல்லாம் சிதறும் என்றார்.

'இவன் என்ன பெருசா சொல்லிடப் போறான்' என்றுதான் என் மனசுக்குள் ஓடியது. நாற்பதாயிரத்தார் சொன்னதை ஓட்டினேன். ஓட்டும் முன்பே அவர் பதிலுக்குச் 'சரி' என்று குறியும் போட்டுவிட்டேன். 'கொடி' என்ற சொல் கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாகக் கிடந்தது. நகல் எடுக்கவில்லை. மூலக் கோப்புகளின் மேலேயே எழுதிவிட்டது அந்தக் கட்டளை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கவுண்டரில் ஆளே இல்லாதபோதும் பக்கத்துக் கவுண்டர் வரிசையில் போய் நிற்பார்கள் சிலர். 'கோட்டாவுல வந்தவரு' என்று முதுகுக்குப் பின்னால் பேசியதும் காதில் விழுந்ததுதான். வாய் திறப்பதற்கு முன்பே எடை போடப்படுவது எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த நான்தான் ஒரு புள்ளிக்காரரின் வரிசையைத் தாண்டிப் போய் அடுத்த கவுண்டரில் நின்றேன்.

இந்தப் புள்ளி எப்படி வருகிறது என்று பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். இந்த முறையைப் பெரிதாகப் பரப்பியது 2008-ல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. பதிலுக்கு ஒருவர் ஆதரவு ஓட்டுப் போட்டால் 10 புள்ளி, கேட்டவரே ஏற்றுக்கொண்டால் 15. நிறையப் பேர் தடுக்கி விழும் எளிய சந்தேகத்துக்கு முதலில் பதில் எழுதியவருக்கு வருஷக்கணக்கில் புள்ளி வந்துகொண்டே இருக்கும். வட்டி மாதிரி. அரிதான, கடினமான கேள்விக்கு ராத்திரி முழுக்க முழித்துப் பதில் எழுதியவருக்கு இரண்டு ஓட்டு விழுந்தால் பெரிது. மொத்தப் புள்ளி எத்தனை என்று பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் எண், அதை எந்தத் துறையில் சம்பாதித்தார் என்று சொல்லாது. தமிழ் எழுத்துருவே பார்த்திராதவர் வேறெதிலோ வாங்கிய புள்ளியோடு என் கேள்விக்கு வந்து நின்றார். அதைவிட முக்கியம், அந்தப் புள்ளியைப் போடுவது என்னைப் போல ஓட்டிப் பார்க்காமலே குறி போடுகிறவர்களும்தான்.

தோழர்கள் சிலர் சொல்வார்கள்: 'இணையத்துல யாரும் ஊர் கேக்கறதில்ல, அப்பன் பேரு கேக்கறதில்ல, செஞ்ச வேலைதான் பேசுது.' இதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. எந்தச் சான்றிதழும் காட்டாமல் ஒருத்தன் எழுதிய நிரலை உலகமே எடுத்துப் பயன்படுத்தும் இடம் வேறெங்கே இருக்கிறது? ஆனால் வேலையை மட்டும்தான் பார்க்கிறார்களா? கிட்ஹப்பில் பெண்கள் அனுப்பிய நிரல் திருத்தங்கள் எப்படி ஏற்கப்படுகின்றன என்று ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் பெண்களின் திருத்தங்கள் ஆண்களுடையதைவிட அதிக விகிதத்தில் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் அந்தத் திட்டத்துக்குப் புதியவராக இருந்து, பெண் என்று அடையாளமும் தெரிந்துவிட்டால், விகிதம் ஆண்களுக்குக் கீழே போய்விட்டது. அடையாளம் தெரிகிறவரைக்கும்தான் வேலை பேசுகிறது. ஆங்கிலம் தடுமாறினால் அதுவும் ஓர் அடையாளம். சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து பதில் எழுத நேரமும் சொந்தக் கணினியும் யாருக்கு வாய்க்கிறது என்பதும் புள்ளிக் கணக்கில் ஒளிந்திருக்கிறது.

இதைச் சொன்னதும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: 'திறமைன்னு அளக்கறதே அதிகாரம்தான், தூக்கிப் போடு.' 1990-ல் மண்டல் பரிந்துரைக்கு எதிராகத் 'தகுதி' என்று கூச்சல் போட்டவர்களை நினைத்தால் இந்தக் கோபம் எனக்கும் வரும். ஆனால் அளக்காமல் விட்டால் அழிவது நம்முடைய கோப்புகள். தோழரின் கவிதை சிதறிக் கிடந்தபோது எனக்குத் தேவைப்பட்டது விஷயம் தெரிந்த ஆள். அதிகாரத்தைக் கட்டுடைத்தால் கொம்பு போய் ஒட்டிக்கொள்ளாது.

அளப்பது எதை என்பதுதான் சண்டை. வங்கியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. என்ட்ரி போடுகிறவர் ஒருவர், பாஸ் பண்ணுகிறவர் இன்னொருவர். முப்பது வருஷ சர்வீஸ் என்றாலும் தான் போட்ட என்ட்ரியைத் தானே பாஸ் பண்ண முடியாது. யாரையும் சந்தேகப்பட்டு வைத்ததல்ல. ஆளின் மேல் உள்ள நம்பிக்கை வேறு, வவுச்சர் சரியா என்பது வேறு.

லினக்ஸ் உலகத்தில் இது பிசகிய கதை ஒன்று. எக்ஸ்இஸட் என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள், எங்கும் பயன்படுவது. அதைப் பல வருஷமாகச் சம்பளமில்லாமல் பராமரித்தவர் களைத்துப் போயிருந்தார். 2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பினார். 2022-ல் முன்பின் தெரியாத பெயர்கள் சில வந்து, வேலை தாமதமாகிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடு என்று பராமரித்தவரை நெருக்கின. கடைசியில் ஜியா டான் தானே புதிய பதிப்புகளை வெளியிடும் இடத்துக்கு வந்துவிட்டார். என்ட்ரியும் அவரே, பாஸும் அவரே. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டு வாசல் ஒன்று புதைந்திருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைவு ஏறக்குறைய அரை நொடி தாமதமாவது ஏன் என்று குடைந்து பார்த்து, 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். ஜியா டான் யாரென்று பார்த்து அவர் கண்டுபிடிக்கவில்லை. கணக்கு உதைத்தது, விடாமல் பார்த்தார்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நல்ல ஆங்கிலம், நிதானமான தொனி, வரிசையான விளக்கம், இதெல்லாம் முன்பு விஷயம் தெரிந்தவரின் அடையாளம் போலத் தோன்றின. சாட்ஜிபிடி வந்த பிறகு அது யாருக்கும் இலவசம். 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அப்படிப்பட்ட பதில்களைத் தடை செய்தது. பார்க்கச் சரி போலிருக்கும், ஓட்டினால் தவறாக இருக்கும் என்பதுதான் காரணம்.

மாணவத் தோழர்கள் நிறையப் பேர் இந்த இடங்களில் கேட்டுத்தான் வேலை பழகுகிறார்கள். அவர்களுக்காக நான் பட்டதைச் சொல்கிறேன். பதில் சொல்கிறவர் ஏன் என்று சொல்கிறாரா பாருங்கள். எங்கே இது வேலை செய்யாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். உங்களிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் இன்னும் நல்லது. தப்பைச் சுட்டிக்காட்டினால் எகிறுகிறாரா, திருத்துகிறாரா என்று பழைய பதில்களைப் புரட்டிப் பாருங்கள், அரை மணி நேரம் போதும். எதுவானாலும் நகலில் ஓட்டுங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு என்ன ஆனது என்று திரும்ப வந்து எழுதுங்கள். காசு வாங்காமல் உதவியவருக்கு நாம் கொடுக்க வேண்டியது அது ஒன்றுதான். அதைக்கூட நான் மூன்று வாரம் கழித்துத்தான் செய்தேன்.

நடந்ததை எழுதிய மறுநாள் அந்த ஒரு புள்ளிக்காரர் திரும்ப வந்தார். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை இல்லை. சிதறிய கொம்புகளை இடம் மாற்றி ஒட்டும் வழியைச் சொல்லிவிட்டு, இதையும் நகலில் ஓட்டு என்றார். ஓட்டினேன், 'கொடி' வந்தது. நாற்பதாயிரத்தாருக்குப் போட்ட குறியை எடுத்து இவருக்குப் போட்டேன். ஆதரவு ஓட்டும் போடலாம் என்று பார்த்தால், அதற்கு வேண்டிய புள்ளி என்னிடம் இல்லையாம்.

கோப்புகளின் நடுவே ஆங்கிலத்தில் இருந்த பெயர்களும் சுருக்கெழுத்துகளும் மட்டும் தமிழெழுத்துக் குப்பையாகக் கிடக்கின்றன. பழைய அச்சுப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் திருத்தி வருகிறேன். பதினேழு முடிந்தது.