ஆண்டுதோறும் ‘கேஸ்’ நிரப்புவானேன்?



சென்ற ஆண்டுக் கோடையில் நமக்கு நன்கு அறிமுகமான ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பக்கவாதத்தால் படுக்கையில் கிடக்கும் மூதாட்டியின் பொருட்டு, மகன் கடன் வாங்கி அவரது அறையில் குளிர்சாதனப் பெட்டி பொருத்தியிருந்தார். நாம் சென்ற வேளையில் பெட்டி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அறையோ வெம்மையாகவே இருந்தது. மூதாட்டியின் முதுகெல்லாம் வேர்க்குரு.

“கேஸ் இறங்கிவிட்டதாம் சாமி. மூன்று கோடையாக இதே கதை. நிரப்பிவிட்டுப் பணம் வாங்கிச் செல்கிறார்கள்; அடுத்த சித்திரையில் மறுபடியும் இப்படியே. இவள் கதவைச் சரியாகச் சாத்தினால்தானே!” என்றார் மகன். மருமகள் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றுவிட்டார்.

பெட்டியின் குறை ஒரு குடும்பத்தின் குறையாக மாறியிருப்பதைக் கண்டோம். ஆகவே இத்திங்கள் இதைப்பற்றிச் சிந்திப்போம்.

‘கேஸ்’ என்னும் சொல்லே நம்மை மயக்கிவிடுகிறது. அடுப்பங்கரைச் சிலிண்டரில் உள்ள கேஸ் எரிந்து தீர்வது. திங்கள்தோறும் புதிது வாங்குகிறோம். குளிர்சாதனப் பெட்டியில் உள்ளதோ அத்தகையது அன்று. உடலில் குருதி சுற்றிவருவதுபோல், மூடிய செப்புக் குழாய்களுக்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. அறையினுள் உள்ள சுருளில் கொதித்து ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெளிப் பெட்டியில் அவ்வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் நீர்மமாகிறது. எத்தனை ஆண்டு ஓடினாலும் அது செலவாவதில்லை. அது குறைந்தது என்றால், எங்கோ கசிந்தது என்பதே பொருள். கசிவைக் காணாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

குறைவை அறிவிக்கும் அடையாளங்கள் சில உள. அறை குளிர நெடுநேரம் பிடிக்கும், குறித்த அளவை எட்டாமலே கம்ப்ரெஸர் ஓய்வின்றி ஓடும், மின்கட்டணம் ஏறும். உட்பெட்டியின் சுருளில் ஒரு பகுதி மட்டும் பனிக்கட்டி படிந்து, மறுபகுதி வெதுவெதுப்பாய் இருக்கும். வெளிப் பெட்டியில் மெல்லிய குழாய் சேருமிடத்தில் வெண்பனி பூக்கும். சில்லென்று வியர்த்திருக்க வேண்டிய பருத்த குழாயோ குளிர்ச்சியற்று இருக்கும். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தென்படுமாயின், அதுவே கசிவின் சுவடு எனலாம். ஏனெனில் கேஸுடன் சிறிது எண்ணெயும் கலந்தே சுற்றிவருகிறது.

குளிரே குறைந்தபோது பனிக்கட்டி ஏன் உறைகிறது என வியக்கலாம். கேஸ் குறையும்போது சுருளினுள் அழுத்தம் தாழ்கிறது. அழுத்தம் தாழ்ந்தால் கொதிநிலையும் தாழ்கிறது. எஞ்சிய சிறிதளவு கேஸ், சுருளின் தொடக்கத்திலேயே 0 பாகைக்கும் கீழான குளிரில் கொதித்துத் தீர்ந்துவிடுகிறது. காற்றின் ஈரம் அங்கே உறைகிறது. மீதிச் சுருள் வேலையற்றுக் கிடக்கிறது.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. கதவு சன்னல்களைச் சாத்தி, அளவை 18 பாகைக்குக் குறைத்து, காற்றை மிகுதியாக வைத்து, இருபது நிமிடம் ஓட விடுங்கள். பெட்டிக்குள் புகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 8 முதல் 12 பாகை வேறுபாடு இருத்தல் வேண்டும். நாலைந்து பாகைக்கு மேல் இல்லையெனில் கோளாறு உண்டு.

ஆயினும், உடனே கேஸின்மேல் பழிபோடலாகாது. தூசியடைந்த ஃபில்டரும் இதே பனிக்கட்டியை உண்டாக்கும். வெளிப் பெட்டியின் சுருளில் அழுக்கு அடைத்தாலும், மின்விசிறி மெதுவாகச் சுழன்றாலும் குளிர் குன்றும். எனவே முதலில் ஃபில்டரைக் கழுவி உலர்த்துங்கள். பனிக்கட்டி உறைந்திருந்தால் விசிறியை மட்டும் ஓடவிட்டு, அது முற்றும் உருகிய பின் சோதியுங்கள். அதன் பின்னும் பனி படியுமாயின் மெக்கானிக்கை அழையுங்கள். காலந்தாழ்த்த வேண்டா, திரும்பிவரும் குளிர்ந்த கேஸினாலேயே கம்ப்ரெஸர் சூடு தணிகிறது. அது குறைந்தால், பெட்டியிலேயே விலைமிக்க அவ்வுறுப்பு வெந்து பாழாகும்.

வருபவரிடம் மூன்றைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. முதலாவது, நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, கசியுமிடத்தைக் கண்டு அடைத்தல். இரண்டாவது, வாக்குவம் பம்பு கொண்டு குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முற்றும் வெளியேற்றல். மூன்றாவது, வெளிப் பெட்டியின் தகட்டில் குறித்துள்ள வகையையே, குறித்துள்ள எடையளவே, தராசில் நிறுத்து நிரப்பல். ஆர்-22 பெட்டியில் ஆர்-32 நிரப்புதல் தகாது. ஆர்-32 ஓரளவு தீப்பற்றக் கூடியது. ஆர்-290 என்பதோ புரொப்பேன், எளிதில் தீப்பற்றுவது. ஆதலின் இப்பணி நமது கைக்குரியது அன்று.

கசிவு நம் பணப்பையோடு நிற்பதுமில்லை. ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பது. அத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்தவே 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை எழுந்தது. ஆர்-32 ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும் நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 675 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது.

அந்த இல்லத்திற்கு மீண்டும் வருவோம். மகன் வேறொரு மெக்கானிக்கை அழைத்தார். இளைஞர், பொறுமைசாலி. உட்பெட்டியின் பின்புறம், சுவரோடு ஒட்டிய இணைப்பு நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. கழற்றிப் பார்த்தால், விரித்த செப்பு முனையில் மயிரிழை போன்ற வெடிப்பு! முனையை வெட்டிப் புதிதாக விரித்துப் பொருத்த அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று கோடைப் பணமும் அந்த மயிரிழை வழியே போயிருந்தது.

இவ்வாண்டுக் கோடையில் நாம் மறுபடி சென்றோம். மூதாட்டி அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். மகன் நம்மிடம் தாழ்ந்த குரலில், “கதவு சரியாகத்தான் சாத்தியிருந்தது சாமி. அவளிடம் சொல்லிவிட்டேன்” என்றார்.

பெட்டியில் குளிர் குறைந்தால் நிரப்பும் முன் கசிவைத் தேடுங்கள். வீட்டில் அன்பு குறைந்ததுபோல் தோன்றினாலும், பழி சொல்லும் முன் அவ்வாறே செய்யுங்கள்.