பதக்கம் பார்த்துக் குடிக்கலாமா?

ஓசூர் எல்லையைத் தாண்டினால் பெங்களூர். அந்த ஊர் ‘அம்ருத் ஃப்யூஷன்’ விஸ்கிக்கு, 2010-ம் ஆண்டு ‘விஸ்கி பைபிள்’ புத்தகம் உலகில் 3-வது இடம் கொடுத்தது. சபாஷ்! ஆனால் அது ஜிம் முர்ரே என்ற ஒரே ஆளின் நாக்கு.

பெல்ஜியம் நாட்டு ‘மோன்ட் செலக்‌ஷன்’ பதக்கமோ, கம்பெனி கட்டணம் கட்டி எழுதும் பரீட்சை. போட்டியே கிடையாது, மார்க் வாங்கின சரக்குக்கெல்லாம் பதக்கம்!

நடுவர் நாக்காவது நிலையா? ஒரே பாட்டில் ஒயினை 3 தடவை ஊற்றிக் கொடுத்தால், மூன்று தடவையும் ஒரே பதக்க வரம்புக்குள் மார்க் போட்டவர் சுமார் 10-ல் ஒருவர்தான் என்றது 2008-ல் வந்த கலிபோர்னியா ஆய்வு.

ருசிக்கு மார்க் போடலாம், உயிருக்கு? அதே 2008 மே மாதம் கிருஷ்ணகிரி, பெங்களூர் வட்டாரத்தில் கள்ளச்சாராயம் 100 பேருக்கு மேல் பலி வாங்கியது. மெத்தனாலை நாக்கு காட்டிக் கொடுக்காது; லேப்தான் காட்டும்.

பாட்டிலில் பதக்கம் ஒட்டுறவங்க, கட்டின கட்டணத்தையும் லேப் ரிப்போர்ட்டையும் சேர்த்து ஒட்டட்டும்!