வெற்றியின் முழுமை

விளையாட்டு கல்விக்குப் பகை என்பார் நம்முள் பலர். அக்கூற்று பிழை என்பதற்குச் சென்னை தந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் வாழ்வே சான்றாகும்.

1953-ஆம் ஆண்டில் பிறந்த அவர், இளமையில் நுரையீரல் நோயால் வாடினார். உடல் தேறும்பொருட்டே டென்னிஸ் ஆடத் தொடங்கினார். அவர் மருத்துவமனையில் இருந்த நாட்களில், அன்னை மேகி தாமே வகுப்பில் அமர்ந்து பாடக் குறிப்பெழுதி வந்தார். அச்சிறுவரே 1973-லும் 1981-லும் விம்பிள்டன் காலிறுதியை எட்டினார். 1974-லும் 1987-லும் இந்தியா டேவிஸ் கிண்ண இறுதிச் சுற்றை அடையத் துணை நின்றார்.

கிண்ணங்களினும் பெரிது அவர் குடும்பம் ஆற்றிய தொண்டு. 1985-இல் சென்னையில் இளையோர்க்கென டென்னிஸ் பயிற்சித் திட்டமொன்றைத் தொடங்கினர். அங்குப் பயின்ற லியாண்டர் பயஸ் 1996 ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்றார். 2024-இல் விஜயும் லியாண்டரும் ஒருசேர அனைத்துலக டென்னிஸ் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். விஜய் 2006-இல் நிறுவிய அறக்கட்டளை வறியோர்க்கும் நோயுற்றோர்க்கும் உதவியது.

பெற்றோரே! தேர்வு நெருங்கியதும் பிள்ளையின் பந்தைப் பறிக்காதீர்கள். மாலையில் சற்று நேரம் ஆடவிடுங்கள். அந்த அன்னையைப் போலப் பாடத்திலும் துணையிருங்கள். இவ்வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, படித்து உயர்ந்த முன்னாள் மாணவர்களே! பயின்ற பள்ளியை நாடி வாருங்கள். ஒரு பிள்ளைக்கேனும் புத்தகமோ பந்து மட்டையோ வாங்கித் தாருங்கள். தாம் ஏறிய படியில் பிறரையும் ஏற்றிவிடுவதே வெற்றியின் முழுமை.