நூறு பேருக்குத் திறந்த கதவு



தெள்ளாரில் பட்டு நெய்யும் பெரியவர் ஒருவர் தறிக்குழியில் அமர்ந்தபடியே வினவினார்: "பையன் அமெரிக்காவில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறான். நிரந்தரமாகக் குடியிருக்க மட்டும் அனுமதி வரவில்லையே, ஏன் ஐயா?"

இக்கதை பழையது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் அங்குக் குடியேறுவதைத் தடுத்தது. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' அல்லர், ஆதலால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அவரோ முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர்! 1946-இல் கதவு திறந்தது. ஆண்டுக்கு 100 பேருக்கு. இந்தியா முழுமைக்கும் நூறே பேர்!

1965-இல் பழைய தேசவாரி ஒதுக்கீடு ஒழிந்தது. எனினும் உறவினர் வழியிலும் வேலை வழியிலும் வழங்கும் அனுமதிகளில், ஒரு நாட்டில் பிறந்தோர்க்கு 7 விழுக்காடே என்னும் வரம்பு இன்றும் உள்ளது. ஐஸ்லாந்துக்கும் அதுவே, இந்தியாவுக்கும் அதுவே. நால்வர் உண்ணும் வீட்டுக்கும் நாற்பதின்மர் உண்ணும் வீட்டுக்கும் ஒரே படி அரிசி! வரம்பை நீக்கினால் ஏனைய நாட்டார் பின்தள்ளப்படுவர் என்பது எதிர்ப்போர் அச்சம், அதையும் புறக்கணிப்பதற்கில்லை. 2019-இல் கீழவையும் 2020-இல் மேலவையும் வெவ்வேறு வடிவில் திருத்தம் நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை.

பெரியவரின் பேரன் அங்கே பிறந்தமையால் அந்நாட்டுக் குடிமகன். தந்தை இன்னும் வரிசையில் நிற்கிறார்.