மணமுறிவு: வீடு யாருக்கு? சிபிஎஃப் பணம் யாருக்கு?

"வீடு என் பேர்லதான் இருக்கு. கடனையும் நான்தான் கட்டுறேன். அப்போ வீடு எனக்குத்தானே?"

"பிள்ளைங்களைப் பாத்துக்க வேலையை விட்டேன். என் சிபிஎஃப்ல பெருசா ஒன்னும் இல்ல. எனக்கு என்ன கிடைக்கும்?"

மணவாழ்க்கை முறியும் நேரத்தில் ஒரே வீட்டிலிருந்து எழும் இரண்டு கேள்விகள் இவை. உங்கள் அக்காவோ நண்பரோ கேட்டால் என்ன சொல்வீர்கள்? சிங்கப்பூரில் நடைமுறை என்ன என்று பார்ப்போம்.

யார் பெயரில் இருக்கிறது என்பது முக்கியமா?

பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவின்படி, தம்பதியின் சொத்துகளை நியாயமான முறையில் பிரித்துக் கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

மணமான பிறகு இருவரில் யார் சேர்த்த சொத்தும் பொதுவாகக் கணக்கில் வரும்:

• வீடு
• வங்கிச் சேமிப்பு, பங்குகள்
• கார்
• மணவாழ்க்கையின்போது சேர்ந்த சிபிஎஃப் தொகை

தாத்தா விட்டுச்சென்ற சொத்தும் பெற்றோர் கொடுத்த அன்பளிப்பும் பொதுவாகச் சேராது. ஆனால் அது குடும்பம் குடியிருந்த வீடாக இருந்தால், அதுவும் பிரிக்கப்படலாம்.

முஸ்லிம் சட்டப்படி மணந்தவர்களின் வழக்குகளை ஷரியா நீதிமன்றம் வேறொரு சட்டத்தின்கீழ் விசாரிக்கிறது. கீழே உள்ள கணக்கு மற்றவர்களுக்கானது.

சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் மதிப்பு உண்டா?

நிச்சயம் உண்டு. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் மூன்று படிகள் கொண்ட முறையை வகுத்தது.

1. சொத்தை வாங்க யார் எவ்வளவு பணம் போட்டார்? கணவர் 70, மனைவி 30 என்று வைத்துக்கொள்வோம்.

2. குடும்பத்தை நடத்த யார் எவ்வளவு செய்தார்? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, வீட்டு வேலை, மளிகைச் செலவு எல்லாம் இதில் அடங்கும். கணவர் 40, மனைவி 60 என்று வைப்போம்.

3. இரண்டுக்கும் சராசரி எடுங்கள். கணவருக்கு 55, மனைவிக்கு 45.

சூழலைப் பார்த்து நீதிமன்றம் இதைக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஒருவர் மட்டும் சம்பாதித்து, மற்றவர் முழுநேரமும் வீட்டைக் கவனித்த நீண்ட மணவாழ்க்கை என்றால் என்ன ஆகும்? மேலே சொன்ன முதல் படியில் இல்லத்தரசிக்குப் பூஜ்யம்தான் விழும். அது நியாயமில்லை என்பதால், அத்தகைய வழக்குகளில் அந்த மூன்று படிகளைப் பயன்படுத்தக்கூடாது என்று 2017இல் அதே நீதிமன்றம் கூறியது. அங்கே பெரும்பாலும் சரிபாதியை நோக்கியே தீர்ப்புகள் செல்லும்.

வீட்டை விற்றால் கையில் எவ்வளவு வரும்?

பலர் ஏமாந்துபோவது இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வீடு 600,000 வெள்ளிக்கு விலைபோகிறது. கடன் பாக்கி 200,000. மீதம் 400,000. 55க்கு 45 என்று பிரித்தால் கணவருக்கு 220,000, மனைவிக்கு 180,000.

ஆனால் வீட்டுக்காக எடுத்த சிபிஎஃப் பணத்தை, சேர்ந்திருக்க வேண்டிய வட்டியோடு அவரவர் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். சாதாரணக் கணக்கின் அடிப்படை வட்டி ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. கணவர் 180,000, மனைவி 90,000 திருப்பிப் போடுகிறார்கள் என்றால், கணவருக்கு ரொக்கமாக மிஞ்சுவது 40,000 வெள்ளி மட்டுமே. மனைவிக்கு 90,000.

வீவக வீடாக இருந்தால் கூடுதல் விதிகளும் உண்டு. குறைந்தபட்சம் 5 ஆண்டு குடியிருக்கும் காலம் முடியாத வீட்டைப் பொதுச் சந்தையில் விற்க முடியாமல், கழகத்திடமே திருப்பிக் கொடுக்க நேரலாம். பிள்ளையின் பொறுப்பைப் பெற்றவர் வீட்டைத் தன்வசம் வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். பிள்ளை இல்லாமல் தனியாக வைத்துக்கொள்ள நினைப்பவருக்குப் பொதுவாக 35 வயதாகியிருக்க வேண்டும்.

சிபிஎஃப் பங்கைப் பணமாக வாங்கலாமா?

"எனக்கு 50,000 கொடுக்கச் சொல்லி தீர்ப்பு வந்துடுச்சு" என்று ஒருவர் சொன்னால், அது வங்கிக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். நீதிமன்ற ஆணைப்படி ஒருவரின் சிபிஎஃப் கணக்கிலிருந்து மற்றவரின் சிபிஎஃப் கணக்குக்குத்தான் தொகை மாற்றப்படும். அதை எடுக்க வழக்கமான விதிகளே பொருந்தும். ரொக்கமாக எடுப்பது என்றால் பெரும்பாலும் 55 வயது வரை காத்திருக்க வேண்டும்.

வேலையை விட்ட ஒருவருக்கு இது முக்கியமான பாதுகாப்பு. அவரால் சேர்க்க முடியாமல் போன ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதி இப்படித்தான் அவரிடம் வந்துசேர்கிறது. ஆனால் அடுத்த மாத வாடகைக்கு அது உதவாது. அதனால் சமரசம் பேசும்போது ரொக்கம் எவ்வளவு, சிபிஎஃப் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். 100,000 வெள்ளி என்று ஒரே தொகையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு?

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. திருமணம் செய்தால் பழைய சிபிஎஃப் நியமனம் தானாக ரத்தாகும். மணமுறிவு ஏற்பட்டால் ரத்தாகாது. முன்னாள் கணவரையோ மனைவியையோ நியமித்து, அதை மாற்ற மறந்துவிட்டால், உங்கள் காலத்துக்குப் பிறகு பணம் அவருக்கே போகும். மணமான பிறகு எழுதிய உயிலும் அப்படித்தான்.

தீர்ப்பு கைக்கு வந்ததும் சிபிஎஃப் இணையத்தளத்தில் நுழைந்து, அங்கே யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.