சோதனையில் நம் பெயரும் இருக்க வேண்டும்

ராத்தாவின் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால், "கம்பியூட்டர்ல பட்டன் அமத்துற வேலை" என்று உம்மா சொல்லிவிடுவார். இணையத்தளங்களைச் சோதிக்கும் தொழில் அது. உண்மையில் இப்போது பட்டனை அமத்துவதும் இயந்திரம்தான்.

விண்ணப்பப் படிவம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலாவியைத் திற, பெயரை எழுது, பட்டனை அழுத்து, "நன்றி" என்று வருகிறதா பார் என ஒரு நிரலை எழுதி வைத்துவிடுகிறார்கள். மென்பொருளில் எதை மாற்றினாலும் அந்த நிரல் மறுபடி ஓடும். ஆள் ஒருவர் அரை நாள் இருந்து அலுத்துப்போகும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதற்குப் பேர்போன கருவி செலினியம். 2004இல் சிகாகோவில் ஜேசன் ஹகின்ஸ் என்பவர் அதைத் தொடங்கினார். அப்போது இத்துறையில் பெரிய நிறுவனத்தின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம். பாதரச நஞ்சுக்குச் செலினியம் மருந்து என்று வேடிக்கையாக வைத்த பெயராம் இது! 2020இல் மைக்ரோசொப்ட் பிளேரைட்டை வெளியிட்டது. குரோமியம், பயர்பொக்ஸ், வெப்கிட் ஆகிய மூன்றையும் ஒரே நிரலால் அது இயக்கும்.

இவ்வளவும் வந்த பிறகு சோதனைக்கு மனிதர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிழையாகப் படுகிறது. கேட்டதற்கு மட்டுமே இயந்திரம் பதில் சொல்லும். கேட்காமல் விட்டதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. எல்லாம் சரி என்று பச்சை நிறம் காட்டிவிடும்.

நமது தேசிய அடையாள அட்டையையே பாருங்கள். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியதில் பன்னிரண்டு எண்கள். பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று எண்களும் அவ்வாண்டில் அது எத்தனையாவது நாள் என்பதைச் சொல்கின்றன. பெண்களுக்கு மட்டும் அதனுடன் 500 கூட்டப்படும். 2007 பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த ஆணின் இலக்கம் 2007032 என்று தொடங்கினால், அதே நாளில் பிறந்த பெண்ணுடையது 2007532 என்று தொடங்கும். நாளின் எண் 366ஐத் தாண்டாது என்று நினைத்து ஒருவர் படிவத்தை எழுதி, தன்னுடைய இலக்கத்தையே கொடுத்துச் சோதித்தால் என்ன நடக்கும்? சோதனை ஆயிரம் தடவை ஓடினாலும் பச்சைதான். வெளியே நாட்டின் பாதிப் பேர் விண்ணப்பிக்க முடியாமல் நிற்பார்கள்.

பெயரிலும் இதே கதை. "பாத்திமா" நமக்கு நான்கு எழுத்து. கணினி அதை எட்டாகச் சேமிக்கிறது. கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனி. ஆங்கிலப் பெயர்களை நினைத்து இருபது எழுத்து என்று எல்லை வைத்தால், நம்மில் எத்தனை பேருடைய முழுப்பெயர் அதற்குள் அடங்கும்? முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தால் பிழை என்று சொல்லும் படிவங்களை நானே கண்டிருக்கிறேன்.

சோதனை நிரல்கள் பட்டனை அதன் மேலுள்ள ஆங்கிலச் சொல்லைக் கொண்டு தேடுவதும் உண்டு. பக்கத்தைத் தமிழுக்கு மாற்றியதும் அவை வழி தெரியாமல் நின்றுவிடும். அதைத் திருத்துவதை விட ஆங்கிலப் பக்கத்தை மட்டும் சோதிப்பது இலகு. "சமர்ப்பிக்கவும்" என்ற நீளமான சொல் கைத்தொலைபேசியில் பாதி வெட்டுப்பட்டு நிற்பதை அப்புறம் யார் காண்பது?

சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளாக இருக்கும் நாட்டில், பொதுமக்களுக்கான எந்தத் தளமும் மூன்று மொழியிலும் சோதிக்கப்படாமல் வெளிவரக் கூடாது என்பது என் கருத்து. செலவு அதிகம் என்ற சாட்டு இங்கு எடுபடாது. ஒரே நிரல் மூன்று தடவை ஓடப்போகிறது, அவ்வளவுதான். எந்தப் பெயர்களை, எந்த இலக்கங்களை, எந்தச் சொற்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலைத்தான் ஓர் ஆள் இருந்து எழுத வேண்டும். அதற்குக் கணிதப் பிரிவில்தான் படித்திருக்க வேண்டும் என்றில்லை. கலைப் பிரிவுத் தோழிகளே, உங்கள் வகுப்பு இடாப்பை எடுத்துப் பாருங்கள். பட்டியலில் பாதி அதிலேயே இருக்கிறது.