இலவசமாய் வந்த பலகை



ஈராண்டுகளுக்கு முன்னர் எங்கள் பள்ளிக் கூட்டுப்பணி நாளன்று, பெற்றோர் ஒருவர் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட சரக்குத் தட்டுகளை, அதாவது 'பேலட்' என்று நாம் சொல்லும் மரத்தட்டுகளை, லாரி நிறைய ஏற்றி வந்தார். அவற்றைக் கழற்றிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அமர நான்கு நீளிருக்கைகள் செய்தோம். செலவு ஆணிக்கும் வண்ணத்துக்கும் மட்டுமே. மைலோ குடித்துப் படமும் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வண்ணம் படாத அடிப்பக்கத்தைக் காட்டி, "ஐயா, இதில் எம்.பி. என்று இருக்கிறதே, என்ன?" என்றாள். "எம்.பி. கொடுத்த நன்கொடை!" என்று சிரித்தான் அருகில் இருந்தவன். எனக்கோ விடை தெரியவில்லை.

அன்றிரவு தேடிப் படித்தேன். நாடு விட்டு நாடு செல்லும் மரத்தட்டில் பூச்சி இருக்கலாகாது என 2002இல் ஐ.எஸ்.பி.எம். 15 எனும் அனைத்துலக நெறி வகுக்கப்பட்டது. கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு நாட்டுக் குறியீடும் பதப்படுத்திய முறையும் தட்டில் முத்திரையிடப்படும். 'எச்.டி' என்றால் மரத்தின் உட்புறம் வரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றியது. 'எம்.பி' என்றால் மெத்தில் புரோமைடு எனும் நச்சுவாயு செலுத்தியது. அவ்வாயு பெரும்பாலும் வெளியேறிவிடும் என்பது உண்மைதான். ஆயினும் சிறு பிள்ளைகள் நாள்தோறும் அமரும் இருக்கைக்கு அம்மரம் எதற்கு? முத்திரையே இல்லாத தட்டு உள்நாட்டில் சுற்றியதாக இருக்கலாம். அதற்கு என்ன செய்தார்கள், எது பட்டது என்று சொல்வாரில்லை.

அந்த இருக்கையை அகற்றினேன். "சும்மா கிடைத்ததுக்கு இவ்வளவு கேள்வியா சார்?" என்று ஒருவர் வருத்தப்பட்டார். அவர் மனம் நல்ல மனம்தான். ஆனால் என் கருத்து வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது. கிடைத்ததே பெரிது என்று வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம் பள்ளிகளில் ஊறிப் போயிருக்கிறது. பழைய கணினி, பழைய நூல், பழைய பலகை, எதுவானாலும் நன்றி சொல்லி வாங்குகிறோம். முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பதில்லை. பார்ப்பது நன்றி கெட்ட செயலாகாது. எச்.டி முத்திரை உள்ளதே வேண்டும் என்று கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லலாம். எண்ணெய்க் கறையோ மருந்து நெடியோ இருந்தால் எச்.டி ஆனாலும் திருப்பி அனுப்பலாம்.

இன்னொன்று: சூடேற்றிய மரம் மழையைத் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சூடு உள்ளிருந்த பூச்சியைக் கொல்லுமே தவிர, நாளை வரும் கரையானைத் தடுக்காது. ரப்பர் மரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். நம் பாட்டன் பாட்டி தோட்டத்தில் சீவிய அதே பால்மரம்தான்; மாவுச்சத்து மிகுந்தது, பூஞ்சணமும் வண்டும் எளிதில் பற்றும். வீட்டுக்குள் போடும் மேசைக்கு அருமையான மரம், திறந்த வெளிக்கு ஆகாது. எந்த மரமானாலும் கால்களைச் செங்கல்மீது நிறுத்துங்கள். பலகைகளுக்கிடையே விரலளவு இடைவெளி விட்டால் நீர் தேங்காது. ஆணியைப் பிடுங்கினால் பலகை பிளக்கும். இடுக்கில் இரும்பறுக்கும் வாளை விட்டு அறுப்பது நல்லது. அது பெரியவர் வேலை.

உப்புத்தாளால் சிராய் போகத் தேய்ப்பதையும் அளப்பதையும் பிள்ளைகளிடம் விடலாம். முதலாம் ஆண்டுப் பிள்ளையின் பாதம் தரையில் படும் உயரம் எவ்வளவு என்பதை நாங்கள் ஊகித்தோம். அவர்கள் பிள்ளைகளை உட்கார வைத்தே அளந்தார்கள். "தச்சு வேலைக்கா பள்ளிக்கு அனுப்பினோம்?" என்று கேட்பவர்கள் அந்த அளவுக் குறிப்பேட்டை வந்து பார்க்கலாம்.

சென்ற பருவத்தில் அதே பெற்றோர் மீண்டும் பன்னிரண்டு தட்டுகள் கொண்டுவந்தார். இறக்குமுன் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் லாரியைச் சுற்றி வந்து முத்திரைகளைப் படித்தார்கள். ஐந்து தட்டுகள் லாரியிலேயே திரும்பிப் போயின. அவர் கோபப்படவில்லை, எச்.டி எங்கே இருக்கிறது என்று தம் மகனிடமே கேட்டுக் குனிந்து பார்த்தார்.